செங்கல்லான ரவுட்டரை மீட்டெடுத்தல்

பள்ளிகளிலும் வட்டார அலுவலகங்களிலும் ஊழியர்களின் இல்லங்களிலும் இணையத் தொடர்பைப் பல கருவிகளுக்குப் பங்கிட்டு அளித்துவரும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டி, சில வேளைகளில் ஒரே கணத்தில் பயனற்றதாகிவிடுவதுண்டு. பெரும்பாலும் இது நிகழ்வது, பெட்டியை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள்நிரலைப் புதுப்பிக்க முற்படும்போதுதான். பணி பாதி நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிடுகிறது. அல்லது வேறொரு மாதிரிக்கென ஆக்கப்பட்ட கோப்பு தவறாக ஏற்றப்பட்டுவிடுகிறது. அதன் பின்னர் ஒரே ஒரு விளக்கு மட்டும் அசையாமல் எரியும்; அல்லது எல்லா விளக்குகளும் ஒருங்கே மினுங்கிக்கொண்டேயிருக்கும். வைஃபை தோன்றாது. பிரௌசரில் வழக்கமான முகவரியை அடித்தால் பதில் வராது.

இத்தகைய பெட்டி 'பிரிக்' ஆகிவிட்டது, அதாவது செங்கல்லாகிவிட்டது என்பது இத்துறையினரின் வழக்கு. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இச்சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் ஒன்றைச் சில நாட்கள் தேடினேன். 'முடங்கியது' என்பது போதாது; 'பழுதுற்றது' என்பது மிகப் பொதுவானது. ஆகவே செங்கல்லையே வைத்துக்கொண்டேன். எனினும் இவ்வுவமையில் ஒரு பிழை உண்டு. சூளையில் வெந்த செங்கல் மீண்டும் களிமண்ணாவதில்லை. செங்கல்லாகிவிட்டதாகக் கருதப்படும் ரவுட்டர்களோ, பெரும்பாலானவை மீளக் கூடியவை. இதனை அறியாமையால் நல்ல பெட்டிகள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. அவற்றுள் இரண்டு என்னுடையவை.

பெட்டிக்குள் இருப்பது

மீட்பு முறைகளை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், ஃபிளாஷ் என்னும் நினைவுச் சில்லு இயங்கும் விதத்தை முதலில் அறிதல் வேண்டும். மின்சாரம் இல்லாத போதும் எழுதியதை மறவாதிருப்பது இச்சில்லு. இதில் எழுதுவதற்கு ஒரு விசித்திரமான நிபந்தனை உண்டு. அழித்த நிலையில் இதன் ஒவ்வோர் இலக்கமும் 1 ஆக இருக்கும். எழுதுவது என்பது வேண்டிய இடங்களில் 1-ஐ 0 ஆக மாற்றுவதேயாகும். ஒரு முறை 0 ஆனதைத் தனியாக 1 ஆக்க இயலாது. அது இருக்கும் கட்டம் முழுவதையும் அழித்தே ஆகவேண்டும். இக்கட்டம் சாதாரணமாக 64 கிலோபைட் அளவினது. கரும்பலகையில் ஒரே எழுத்தைத் திருத்துவதற்கு அப்பகுதி முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி எழுத வேண்டியிருந்தால் எப்படியோ, அப்படி.

உள்நிரலைப் புதுப்பிக்கும்போது ரவுட்டர் இவ்வாறே கட்டங்களை அழித்து, பின் எழுதிச் செல்கிறது. அழித்தமைக்கும் எழுதி முடித்தமைக்கும் இடையில் மின்சாரம் நின்றால், பழைய நிரலும் இல்லை, புதிய நிரலும் இல்லை. மின்வெட்டு இதனைக் கெடுப்பதன் காரணம் இதுவே.

ஆயினும் முழுச் சில்லும் அழிவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் பரவலாகப் புழங்கிய டிபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர். 841 என். மாதிரியில் ஒன்பதாம் பதிப்பை உதாரணமாகக் கொள்வோம். அதன் ஃபிளாஷ் 4 மெகாபைட்; அதாவது 64 கட்டங்கள். முதல் இரண்டு கட்டங்களில் பூட்லோடர் எனப்படும் துவக்க நிரல் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழித்து, மற்ற நிரலை எழுப்பும் கடமை அதனுடையது. கடைசிக் கட்டத்தில் அந்தத் தனிப் பெட்டிக்கே உரிய வானொலி அளவீட்டுக் குறிப்புகள் உள்ளன. அதற்கு முந்தைய கட்டம் பயன்படுத்துபவர் செய்த அமைப்புகளுக்கு உரியது. இடையிலுள்ள 60 கட்டங்கள், அதாவது 3,840 கிலோபைட், உள்நிரலுக்கு உரியவை. சாதாரணமாகப் புதுப்பிக்கும்போது அழிந்து எழுதப்படுவது இந்த 60 மட்டுமே. ஆகவே பணி நடுவில் நின்றாலும் துவக்க நிரல் பிழைத்திருக்கிறது. எழுப்ப வேண்டிய ஆள் இருக்கிறான். எழ வேண்டியவன்தான் இல்லை. மீட்பு முறைகள் அனைத்தும் இந்த ஒரு நிலைமையை நம்பியே அமைந்தவை.

முதலில் உயிர்க்குறி காண்க

எதையும் ஏற்ற முற்படுமுன் பெட்டி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று நிதானித்தல் இன்றியமையாதது. ஏனெனில் உயிருள்ள பெட்டியை அவசரத்தால் கெடுத்தவர்கள் பலர்.

முதற்கண் மின் அடாப்டரைச் சோதிக்கவும். சில ஆண்டுகள் உழைத்த அடாப்டர் தன் உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் தளர்ந்துபோவதால், வெறுமனே அளந்தால் சரியான வோல்ட் காட்டியும், பளு ஏறியவுடன் வீழ்ந்துவிடும். அப்போது ரவுட்டர் துவங்கும், நிற்கும், மறுபடி துவங்கும். காண்பவர் உள்நிரல் கெட்டதென்றே எண்ணுவர். அதே வோல்ட்டும் அதே முனை அமைப்பும் உடைய, ஆம்பியர் குறையாத வேறோர் அடாப்டரைப் பொருத்திப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

அடுத்து, கணினியை ரவுட்டரின் லேன் துளை ஒன்றில் கேபிள் மூலம் இணைத்து, கணினியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதற்கு நிலையான ஐ.பி. முகவரி ஒன்றைக் கையால் கொடுக்க வேண்டும். ரவுட்டரின் முகவரி 192.168.1.1 எனில், கணினிக்கு 192.168.1.10 என்றும் மறைப்பு 255.255.255.0 என்றும் கொடுக்கலாம். பின்னர் 'பிங்' கட்டளையை இடைவிடாமல் ஓடவிட்டு, ரவுட்டருக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கவும். துவங்கிய சில விநாடிகளுக்குள் இரண்டு மூன்று பதில்கள் வந்து பின் நின்றுவிடுமாயின், துவக்க நிரல் உயிருடன் இருக்கிறது என்பது உறுதி. அப்பதிலிலேயே மேலும் ஒரு குறிப்பு உண்டு. லிங்க்சிஸ் நிறுவனத்தின் புகழ்பெற்ற டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி. பெட்டியில், துவக்க நிரல் அனுப்பும் பதிலில் டி.டி.எல். என்னும் எண் 100 ஆகவும், லினக்ஸ் உள்நிரல் அனுப்பும் பதிலில் 64 ஆகவும் இருக்கும். பேசுவது யார் என்பதை இந்த எண்ணைக் கொண்டே பிரித்தறியலாம். ஆனால் எல்லா ரவுட்டர்களின் துவக்க நிரலும் பிங்கிற்குப் பதில் சொல்வதில்லை. மௌனத்தை மட்டும் கொண்டு மரணம் என்று முடிவு செய்தல் கூடாது.

பதில் 64 உடன் தொடர்ந்து வருமாயின், பெட்டி செங்கல்லாகவே இல்லை. அமைப்புகள் மட்டும் குழம்பியிருக்கின்றன. ரீசெட் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் போதும். இங்கே ஓர் எச்சரிக்கை. முப்பது விநாடி மின்சாரத்துடனும், முப்பது விநாடி மின்சாரமின்றியும், மறுபடி முப்பது விநாடி மின்சாரத்துடனும் பொத்தானை விடாது அழுத்தும் 'முப்பது-முப்பது-முப்பது' முறை எல்லா நோய்க்கும் மருந்தாகப் பரவியிருக்கிறது. அது சில பழைய மாதிரிகளுக்கென எழுந்தது. பிற்காலப் பெட்டிகள் பலவற்றில், அழுத்திய பொத்தானுடன் மின்சாரம் கொடுப்பது மீட்பு நிலைக்குச் செல்லும் கட்டளையாகும். சிலவற்றில் அதனால் தீங்கும் விளையும்.

இரு வகை மீட்பு

துவக்க நிரல் உயிருடன் இருப்பதை அறிந்தபின், அதன் கையில் நல்ல உள்நிரல் கோப்பைக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெரும்பாலும் கையாளப்படுவது டி.எப்.டி.பி. என்னும் எளிய கோப்பு அனுப்பும் விதிமுறை. 1981-ல் வகுக்கப்பட்டு, 1992-ல் திருத்தப்பட்ட விதிமுறை அது. கடவுச்சொல் இல்லை, கோப்புப் பட்டியல் இல்லை. கோப்பை 512 பைட் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் அனுப்பி, 'பெற்றேன்' என்ற ஒப்புகை வந்தபின் அடுத்ததை அனுப்புவது அடிப்படை விதி. 512-க்குக் குறைவான துண்டு வந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். மேற்சொன்ன 841 என். பெட்டியின் 60 கட்டங்களையும் நிரப்பும் கோப்பு 3,932,160 பைட். இதனை 512-ஆல் வகுத்தால் மீதியின்றி 7,680 துண்டுகள். ஆகவே முடிந்ததை உணர்த்த இறுதியில் வெறுமையான துண்டு ஒன்று செல்லும். இக்கணக்கு வகுப்பில் மாணவர்களுக்கு நன்கு பயன்படும். இத்தனை எளிய விதிமுறையாதலால்தான் 128 கிலோபைட்டுக்குள் அடங்கும் துவக்க நிரலாலும் இதனைக் கையாள முடிகிறது.

மக்கள் குழம்புவது இதன் பின்னர்தான். ரவுட்டர்களில் இரு வகை உண்டு. ஒன்று, சில விநாடிகள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, யாராவது கோப்பை உள்ளே தள்ளுவார்களா என்று காத்திருக்கும் வகை. மற்றொன்று, தானே படியேறி வந்து, குறிப்பிட்ட வீட்டில், குறிப்பிட்ட பெயருடைய கோப்பைக் கேட்கும் வகை. முதல் வகைக்குக் கணினி அனுப்புபவராக இருக்க வேண்டும். இரண்டாம் வகைக்குக் கொடுக்கக் காத்திருப்பவராக இருக்க வேண்டும். ஒன்றற்குரிய முறையை மற்றொன்றிற்குச் செய்து, 'எத்தனை முறை முயன்றும் பயனில்லை' என்று கைவிடுவோர் மிகுதி.

முதல் வகைக்கு டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி. சிறந்த உதாரணம். 2002 இறுதியில் விற்பனைக்கு வந்த இப்பெட்டியின் உள்நிரல் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டிருந்ததால், அதன் மூல நிரல் 2003-ல் வெளியிடப்பட்டது. அதிலிருந்தே 2004-ல் ஓபன்-டபிள்யூ.ஆர்.டி. என்னும் பொது முயற்சி தோன்றியது. பலர் புதிய உள்நிரல்களை ஏற்றிப் பார்த்தனர். பலர் செங்கல்லும் ஆக்கினர். மீட்புக் கலை வளர்ந்தது அவர்களால்தான். அப்பெட்டியில் 'பூட் வெயிட்' என்னும் அமைப்பு இயங்குநிலையில் இருந்தால், துவக்க நிரல் சில விநாடிகள் 192.168.1.1 முகவரியில் காத்திருக்கும். அவ்விநாடிகளுக்குள் கணினி கோப்பை அனுப்பத் தொடங்கிவிட வேண்டும். கோப்பை எழுத்துக் கோப்பாக அன்றி, 'பைனரி' முறையில் அனுப்புதல் அவசியம். இல்லையேல் வழியிலேயே சில பைட்டுகள் மாறிப்போகலாம். நெட்கியர் பெட்டிகள் பலவும் இவ்வகையினவே. ரீசெட் பொத்தானை அழுத்தியபடி மின்சாரம் கொடுத்து, மின்விளக்கு மினுங்கத் தொடங்கியபின் கோப்பை அனுப்ப வேண்டும்.

இரண்டாம் வகையைச் சேர்ந்தவை டிபி-லிங்க் பெட்டிகள் பல. 841 என். ஒன்பதாம் பதிப்பும், ஆர்ச்சர் சி-7 இரண்டாம் பதிப்பும், ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்தால், தமக்கு 192.168.0.86 என்ற முகவரியை எடுத்துக்கொண்டு, 192.168.0.66 என்ற முகவரியில் உள்ள கணினியிடம் சென்று கோப்புக் கேட்கும். ஆகவே கணினிக்கு அந்த 66-ஆம் முகவரியையே கொடுத்து, அதில் டி.எப்.டி.பி. சர்வர் நிரல் ஒன்றை ஓடவிட்டு, அது காட்டும் கோப்புறையில் உள்நிரலை வைத்திருக்க வேண்டும். கோப்பின் பெயர் ஓரெழுத்தும் பிசகக் கூடாது. மாதிரியின் பெயர், பதிப்பெண், அதன்பின் 'டிபி ரெகவரி' என்று அமையும் அப்பெயர் ஒவ்வொரு பதிப்புக்கும் வேறு. சர்வர் நிரலின் பதிவேட்டைப் பார்த்தால் பெட்டி எந்தப் பெயரைக் கேட்டது என்பதே தெரிந்துவிடும்; பெயர் மறந்தவர்களுக்கு அதுவே வழிகாட்டி.

இவ்விரு வகையிலும் தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் ரவுட்டர் அன்று, கணினியே. அதன் தீச்சுவர் நிரல் கோப்புப் போக்குவரத்தைத் தடுக்கிறது. அதனினும் நுட்பமான தடை ஒன்றுண்டு. ரவுட்டர் அணைந்திருக்கையில் கேபிளின் மறுமுனையில் எவரும் இல்லை என்று கணினி கருதுகிறது. மின்சாரம் வந்தபின் அத்தொடர்பை மீண்டும் நிறுவ அதற்குச் சில விநாடிகள் ஆகின்றன. அதற்குள் ரவுட்டரின் கதவு மூடிவிடுகிறது. இதற்கு மிக எளிய பரிகாரம், இரண்டிற்கும் நடுவில் சாதாரண சுவிட்ச் பெட்டி ஒன்றை வைத்தல். கணினிக்கும் சுவிட்சுக்கும் உள்ள தொடர்பு எப்போதும் அறாதிருப்பதால், ரவுட்டர் விழித்த கணமே பேச்சுத் தொடங்கிவிடும். ஒரு மாலைப் பொழுது முழுவதும் முயன்று தோற்ற எனக்கு, அலுவலக மூலையில் கிடந்த ஐந்து துளைச் சுவிட்ச் இரண்டு நிமிடத்தில் வெற்றி தந்தது.

கோப்பு சென்று முடிந்ததும் எழுதும் பணி தொடங்குகிறது. அழித்தலும் எழுதுதலும் சில நிமிடங்கள் எடுக்கும். விளக்குகள் எப்படி மினுங்கினாலும் தொடாதிருக்க வேண்டும். பொறுமையின்றி இந்நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிப்பவர், பழைய விபத்தைத் தம் கையாலேயே மறுபடி நிகழ்த்துகிறார். இயலுமாயின் யு.பி.எஸ். வழியாகவே மின்சாரம் கொடுக்கவும்.

சில பெட்டிகளில் இத்தனை சிரமமும் இல்லை. டி-லிங்க் மாதிரிகள் பலவற்றில் துவக்க நிரலே சிறு இணையப் பக்கம் ஒன்றைக் காட்டி, கோப்பைப் பெற்றுக்கொள்ளும். 2014-ல் வந்த டபிள்யூ.ஆர்.டி. 1900 ஏ.சி. போன்றவை உள்நிரலின் இரண்டு பிரதிகளை வைத்திருக்கின்றன. ஒன்று தொடர்ந்து மூன்று முறை துவங்கத் தவறினால் மற்றதற்கு மாறிக்கொள்ளும்.

துவக்க நிரலும் பேசாதபோது

பொத்தானுக்கும் பிங்கிற்கும் பெட்டி மசியாவிடில், மூடியைத் திறந்து சீரியல் முனைகளைத் தேட வேண்டும். பலகையில் நான்கு துளைகள் ஒரு வரிசையில் இருக்கும்: அனுப்புவது, பெறுவது, தரை, மின்வோல்ட். இவற்றுள் கடைசியதை இணைக்கவே கூடாது. முதல் மூன்றையும் 3.3 வோல்ட் யு.எஸ்.பி. சீரியல் கம்பியுடன், அனுப்புவது பெறுவதற்கு எதிராக அமையுமாறு இணைத்து, கணினியில் பெரும்பாலும் விநாடிக்கு 115,200 பிட் வேகம் வைத்தால், துவக்க நிரல் தான் செய்வதை வரிவரியாகச் சொல்லும். பழைய கணினிகளின் பின்புறச் சீரியல் துளையை நேரே இணைத்தல் பெரும் அபாயம்; அதில் 12 வோல்ட் வரை இருக்கலாம், ரவுட்டரின் சில்லு கணத்தில் எரிந்துபோகும். சில்லின் கால்களை ஊசியால் ஒன்றோடொன்று தொட்டு எழுப்பும் பழைய தந்திரமும் கைவிடத்தக்கதே.

துவக்க நிரலே அழிந்திருந்தால் எஞ்சிய வழி ஒன்றுதான். எட்டுக்கால் ஃபிளாஷ் சில்லைக் கவ்வி கொண்டு பிடித்து, நிரல் எழுதும் கருவியால் நேரடியாக எழுதுவது. இவ்வழிக்குப் போகுமுன், கெட்டுக்கிடக்கும் சில்லில் உள்ளதை அப்படியே படித்து, ஒரு கோப்பாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். 'கெட்டதைச் சேமிப்பானேன்?' என்று கேட்கலாம். மேற்கூறிய கடைசிக் கட்டத்தை நினைவு கூர்க. அதில் உள்ள வானொலி அளவீட்டுக் குறிப்புகள், தொழிற்சாலையில் அந்தத் தனிப் பெட்டியை வைத்து அளந்து எழுதியவை. உள்நிரலை எங்கிருந்தும் பெறலாம். இக்குறிப்பை வேறெங்கிருந்தும் பெற முடியாது. பெட்டியின் அடையாளமான மேக் முகவரியும் இத்தகைய தனிப் பகுதிகளிலேயே இருக்கிறது.

ஓர் அலுவலகத்தில் கண்டது இது. ஊரும் பெயரும் வேண்டா. மூன்று செங்கற்களை மீட்க எண்ணிய அன்பர் ஒருவர், நல்ல பெட்டி ஒன்றின் சில்லை முழுவதும் படித்து, அப்பிரதியை மூன்றிலும் எழுதிவிட்டார். மூன்றும் எழுந்தன, அனைவரும் பாராட்டினோம். அவற்றை ஒரே கட்டடத்தில் பொருத்திய அன்று தொடங்கியது தொல்லை. நான்கு பெட்டிகளுக்கும் ஒரே மேக் முகவரி! யாருக்குரிய செய்தி யாருக்குப் போவது என்று சுவிட்ச் தடுமாறியது. முகவரிகளைப் பின்னர் திருத்தினோம். ஆனால் மூன்றிலும் வைஃபை அடுத்த அறையைத் தாண்டவில்லை. வேறொரு பெட்டியின் அளவீட்டைத் தாங்கியிருந்தமையே காரணம். மூல அளவீடுகளை யாரும் சேமித்து வைக்கவில்லை. அவற்றைக் கம்பி வழி உபயோகத்திற்கு மட்டும் ஒதுக்கினோம்.

நார்க்கம்பி வழியாக வரும் இணைப்பில் சேவை நிறுவனம் பொருத்தும் பெட்டிக்கு இக்கட்டுரையில் கூறிய எதையும் செய்தல் கூடாது. அது பெரும்பாலும் அந்நிறுவனத்தின் உடைமை. அதன் அடையாளம் அவர்களது நிலையத்தில் பதிவாகியிருக்கும். அதை அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். உத்தரவாதக் காலத்திலுள்ள ரவுட்டரையும் மூடி திறவாமல் விற்றவரிடம் கொண்டுசெல்வதே உசிதம்.

இறுதியாக, பள்ளிகளுக்கும் கிளை அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ரவுட்டர் செங்கல்லான அன்று உள்நிரலைத் தரவிறக்க இணையம் இராது. ஏனெனில் அதைத் தந்துவந்ததே அந்தப் பெட்டிதான். ஆதலின் பெட்டியின் அடிப்புறச் சீட்டில் உள்ள மாதிரிப் பெயரையும் பதிப்பெண்ணையும் பார்த்து, அதற்குரிய கோப்பையும் டி.எப்.டி.பி. நிரலையும் இன்றே கணினியில் சேமித்து வைக்கவும். ஏழாம் பதிப்புக்கும் எட்டாம் பதிப்புக்கும் மேல்மூடி ஒன்றாகவே இருக்கலாம், உள்ளே சில்லு வேறாக இருக்கும். என் முதல் பெட்டி போனது அந்த ஓர் எண்ணைப் படிக்காததால். பதிப்பெண், மீட்பு முகவரி, கோப்பின் பெயர் இம்மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ரவுட்டர் மாட்டியிருக்கும் சுவரிலேயே ஒட்டிவைத்தல் நலம்.